உள்ளே இருக்கும் பை: பெரியம்மா பதில்கள்

போன இதழில், துணித் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்த காலத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, எனக்குப் பெருங்குடலே கிடையாது என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். பத்திரிகை ஆபீசுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. மாமியார் மருமகள் விவகாரமெல்லாம் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். நான் டாக்டர் இல்லை. 1996-ல் ஆபரேஷன் ஆகி, அன்றிலிருந்து பெருங்குடலுக்குப் பதிலாக வயிற்றுக்குள் செய்து வைத்த ஒரு பையோடு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டோங்காட்டில் குடும்பம் நடத்துகிறவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மருந்து அளவையெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியம்மா, என் வீட்டுக்காரருக்குப் பல வருடமாக அல்சரேடிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் புண் வரும் நோய். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு உள்ளேயே ஒரு பை வைத்துவிடலாம் என்கிறார்கள். அது பிளாஸ்டிக்கா? ஆயுசுக்கும் வயிற்றுக்குள் இருக்குமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பிளாஸ்டிக் இல்லை தங்கச்சி. அவருடைய சொந்தச் சிறுகுடல்தான். பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்த பிறகு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நீளத்தை ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி மடித்து, இரண்டு மடிப்பையும் தைத்து ஒரே அறையாக்கி, ஆசனவாயோடு இணைத்துவிடுவார்கள். பழைய வழியிலேயே வெளிக்குப் போகலாம். வயிற்றின் மேல் நிரந்தரமாக எதுவும் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1978-ல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் செய்த பை 'எஸ்' வடிவம். இப்போது பெரும்பாலும் செய்யும் 'ஜே' வடிவத்தை 1980-ல் ஜப்பானின் உட்சுனோமியா கொண்டுவந்தார். அதற்கும் முன்னால், 1969-லேயே ஸ்வீடன்காரர் கோக் வேறொரு பையைச் செய்துவிட்டார். அதில் வயிற்றுத் தோலில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே ஒரு வால்வு இருக்கும், நாமே குழாய் விட்டு வடித்துக்கொள்ள வேண்டும். ஆசனவாய்த் தசை வலுவில்லாதவர்களுக்கு அது இன்றைக்கும் ஒரு வழி.

வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடாது. இரண்டு அல்லது மூன்று ஆபரேஷனாகப் பிரித்துச் செய்வார்கள். நடுவில் சில மாதம், வயிற்றில் போட்ட ஒரு துளை வழியாக வரும் மலத்தைப் பிடிக்க, வயிற்றின் மேல் வெளிப்பை ஒட்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே ஸ்டோமா சிஸ்டரை, அதாவது அந்தத் துளையையும் பையையும் கவனிக்கும் நர்ஸைப் பார்த்து, பை ஒட்டும் இடத்தை உட்கார்ந்தும் நின்றும் குறித்து வாங்குங்கள். பெல்ட் கட்டும் இடத்தில் வந்துவிட்டால் அந்த மாதங்கள் நரகம். இன்னொன்று, சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கல்யாணச் சமையல்காரரிடமே அதைக் கேட்டுவிட்டுத்தானே அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

வெளிப்பையை எடுத்து, வயிற்றுத் துளையை மூடி மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போகிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. பின்பக்கம் நெருப்பாக எரிகிறது. இதற்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று இருக்கிறது.
– ஒரு வாசகர், ஸ்டேங்கர்

தம்பி, மூன்று மாதம் என்பது இந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. புதுப் பை சின்னதாக, விறைப்பாக இருக்கும். அது விரிந்து பழகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடிக்கும். பழகிய பிறகும் ஒரு நாளைக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை, அதில் ராத்திரி ஒன்றோ இரண்டோ, என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். ஆபரேஷனுக்கு முந்திய ஆரோக்கியமான நாட்களில் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தீர்களே, அந்தக் கணக்கு இனி வராது. ஆனால் கொலைடிஸில் இருந்ததுபோல ஒரு நிமிஷம்கூடத் தாங்காத அவசரம் போய்விடும். எனக்கு அந்த ஒன்றே போதும் என்று இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம், சிறுகுடலிலிருந்து நேராக வருவதில் செரிமான நீர்களும் பித்தமும் கலந்திருப்பதுதான். தோலையே அரித்துவிடும். முதலில் டாய்லெட் பேப்பரால் தேய்ப்பதை விடுங்கள். நம் வீடுகளில் சொம்பும் தண்ணீரும் இருந்ததே, அதுதான் இதற்குச் சரி. இளஞ்சூடான தண்ணீரில் கழுவி, மெல்லிய பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். வாசனை சோப்பு கூடாது, ஈரத் துடைப்பான்களில் வாசனை போட்டதும் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, குழந்தைகளுக்குப் போடும் ஜிங்க் ஆமணக்கெண்ணெய்க் களிம்பைத் தடவுங்கள். எந்தக் கெமிஸ்டிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எரிந்த பிறகு போடுவதை விட எரிவதற்கு முன்னால் போடுவது முக்கியம். அடுத்த தடவை கழுவும்போது பழைய களிம்பைச் சுரண்டி எடுக்காதீர்கள். அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே இன்னொரு பூச்சு. என் குளியலறையில் ஒரு டப்பா, கைப்பையில் ஒரு டப்பா, பேரன் காரில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும்.

மிளகாய் உள்ளே போனபோது எரிந்ததைப் போலவே வெளியே வரும்போதும் எரியும். அதிலும் விதைதான் வில்லன். டர்பன் கறிக்காரர்களிடம் மிளகாயை விடு என்றால் மதம் மாறச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள். விட வேண்டாம், ஆறு மாதத்துக்குக் குறையுங்கள், விதையை எடுத்துவிடுங்கள்.

ராத்திரிக்கு: சாப்பாட்டை ஆறு, ஆறரை மணிக்கே முடியுங்கள். லோபெரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுத்தால் குடலின் வேகம் குறையும். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தப் பலன் கிடைக்காது. எத்தனை என்பதை டாக்டர் சொல்லட்டும். இசப்கோல் சிலருக்குக் கெட்டியாக்கும், சிலருக்குக் காற்றை ஏற்றும். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புரட்டாசி வருகிறது. மாதம் முழுக்கப் பருப்பு, பீன்ஸ், முட்டைக்கோஸ். பையோடு சமாளிக்க முடியுமா? பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) சாப்பிடவே கூடாதா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பையைப் பற்றி வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாப்பாட்டைத்தான் கேட்கின்றன. தண்ணீரையும் உப்பையும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

புரட்டாசியில் பருப்பை நன்றாக மசித்துக் கடைந்து சாப்பிடுங்கள். பீன்ஸைத் தோல் கரையும் வரை வேகவைத்து, பாதிப் பாத்திரத்தை மத்தால் மசித்துவிடுங்கள். முட்டைக்கோஸ் எனக்கு ஆகாது. ராத்திரி முழுக்க வயிறு மேளம் அடிக்கும். என்னைப் போலவே பை வைத்த, வெருலத்தில் இருக்கும் ஒரு தோழிக்கு அது ஒன்றும் செய்வதில்லை, ஆனால் வெங்காயம் ஆகாது. ஆளுக்கு ஆள் வேறு. கெட்டியாக்கும் சாப்பாடு என்றால் சாதம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜவ்வரிசி, மீலி மீல் என்ற மக்காச்சோள மாவுக் கஞ்சி. மடும்பி என்கிற சேப்பங்கிழங்கும் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் புளித்த கஞ்சியை நான் ஒரு வருடமும் விட்டதில்லை, இதுவரை தொந்தரவு இல்லை.

பயப்பட வேண்டியது அடைப்புக்குத்தான். தீயில் சுட்ட மீலிஸ் (மக்காச்சோளக் கதிர்), காளான், தேங்காய்த் துண்டு, முழு நிலக்கடலை, உலர்ந்த பழம், ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல் இவையெல்லாம் முழுசாகப் போய் நிற்கக்கூடியவை. சாப்பிட்டால் கொஞ்சமாக, மெழுகாகும் வரை மென்று சாப்பிடுங்கள். வயிறு இறுக்கி இறுக்கி வலித்து, கீழே ஒன்றுமே வராமல், வாந்தியும் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பேதி மருந்து வேண்டவே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

பன்னி சௌவா? ரொட்டியின் வெள்ளைப் பகுதியும் குழைந்த பீன்ஸும் உங்களுக்கு ஆகாத சாப்பாடு இல்லை. கால் ரொட்டி வாங்குங்கள், அரை வேண்டாம்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். பை இருக்கும்போது எடுக்கலாமா? சாமி குற்றம் ஆகுமா?
– ஒரு வாசகர், டோங்காட்

சாமி குற்றத்தைப் பற்றி முருகனிடம் கேளுங்கள் தம்பி, என்னைக் கேட்டால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குக் கவலை வெயில். தைப்பூசம் நமக்கு வருவது ஜனவரி, பிப்ரவரி, டர்பன் கரையோரத்தில் வேர்த்துக் கொட்டும் காலம்.

பெருங்குடலின் பெரிய வேலையே தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சித் திருப்பி உடம்புக்குக் கொடுப்பது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர். நமக்கு அது இல்லை. சிறுகுடல் நாளாவட்டத்தில் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக முடியாது. அதனால் மற்றவர்களுக்குத் தலைசுற்றல் வருவதற்கு முன்னாலேயே நமக்குச் சோடியம் இறங்கிவிடும். கெண்டைக்கால் பிடிக்கும், சிறுநீர் தேநீர் நிறத்தில் வரும், காரணமில்லாமல் எரிச்சல் படுவோம். அப்போது வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் போதாது, உப்பு சேர வேண்டும். இங்கே கிளினிக்கில் குழந்தைகளுக்குச் சொல்லும் அதே கலவைதான்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், எட்டு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. இல்லையென்றால் மாஸ் என்ற புளித்த பாலைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பும் ஒரு கறிவேப்பிலையும் போட்டு நீர்மோராகக் குடியுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நம் ஊரில் சித்திரா பருவத்துக்கும் காவடி உண்டே. ஏப்ரல், மே மாதம் இங்கே குளிர ஆரம்பித்துவிடும். நேர்த்தியைச் சித்திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்றாலும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். அலகு குத்துவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பால்குடம்தான் எடுக்கிறேன். கோவில் டாய்லெட் எந்தப் பக்கம் என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கார் எடுத்துக்கொண்டு ஜோபர்க் போக வேண்டும், மகள் வீட்டு விசேஷம். வழியில் என்ன செய்வது? வீட்டில் தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்கிறீர்கள்?
– ஒரு வாசகி, ஐசிபிங்கோ

வழி பிரச்சினையே இல்லை. என்-3 சாலையில் மூய் ரிவர், ஹாரிஸ்மித், வில்லியர்ஸ் என்று பெட்ரோல் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. தேவை இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றிலும் இறங்கிப் போங்கள். காலையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், ஆனால் குடிப்பதை நிறுத்தாதீர்கள். டாய்லெட்டுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் போய், மகள் வீட்டில் மயங்கி விழுவதில் என்ன லாபம்? ஒரு பையில் மாற்று உள்ளாடை, களிம்பு, இரண்டு லிட்டர் பாட்டிலில் கழுவத் தண்ணீர். சரி, அது முடிந்தது.

தண்ணீர் நிற்பதுதான் பெரிய விஷயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வரும், வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு தடவை ஃப்ளஷ் பண்ண ஒன்பது லிட்டர் போய்விடும் டாய்லெட், அதில் ஆறேழு தடவை போகிற நான். வீட்டில் மற்ற நாலு பேர். யோசித்துப் பாருங்கள்.

அப்போது நாங்கள் செய்த ஏற்பாடு இன்றைக்கும் தொடர்கிறது. குளிக்கும்போது பெரிய பேசினுக்குள் நின்று குளிப்பது, பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி வைப்பது, அது எல்லாம் டாய்லெட்டுக்கு. தொட்டிக்குள் ஊற்றாமல் வாளியை உயரமாகத் தூக்கி ஒரே வீச்சாகக் கோப்பையில் ஊற்றினால் பாதித் தண்ணீரிலேயே போய்விடும். கூரையிலிருந்து வரும் மழைத் தண்ணீருக்கு ஜோஜோ டேங்க் வைத்தோம். உடம்பு கழுவ மட்டும் லாரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடிய வாளியில், யாரும் தொடக் கூடாது என்று தனியாக. பேரப்பிள்ளைகள் அதற்கு “ஆயா தண்ணி” என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாய்ப்பு இருந்தால் டேங்கை இப்போதே வாங்கிப் போடுங்கள். உங்கள் பகுதியில் நிற்காது என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

நாலு வருடம் நன்றாக இருந்தேன். இரண்டு வாரமாகத் திடீரென்று தடவை கூடிவிட்டது, வலி, கொஞ்சம் ரத்தம், சாயந்திரம் லேசான காய்ச்சல். பழைய கொலைடிஸ் திரும்பிவிட்டதா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இதைப் படித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் இது பௌச்சைட்டிஸ், அதாவது பையின் உள்சுவர் வீங்குவது. கொலைடிஸுக்காகப் பை வைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வரும். எனக்கும் வந்திருக்கிறது. சின்னக் கேமரா விட்டுப் பார்த்து உறுதி செய்வார்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை ஏறத்தாழ இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் ஒரு சொட்டு மதுவும் கூடாது. வாயில் செம்புக் காசைச் சப்பின மாதிரி ருசி வரும், அது சகஜம். பாதம் மரத்துப்போனாலோ, சிப்ரோ எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் வலித்தாலோ உடனே சொல்லிவிடுங்கள்.

முட்டி வலி, முதுகு வலி என்று இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை போடுகிறீர்களா? அதுவும் பையைக் கிளறிவிடும். பாராசிட்டமால் போதும். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களே எடுத்துப் போடுவதும் வேண்டாம். பரிசோதனையில் வேறு ஏதாவது இருந்தால் அது மறைந்துபோகும்.

குடலைச் சுத்தம் செய்யும் மூலிகைக் கஷாயம் ஒன்று விற்கிறார்கள். பைக்கு நல்லதா?
– ஒரு வாசகி, டர்பன்

இல்லை.

என் மகனுக்கு இருபத்தொன்பது வயது. கொலைடிஸுக்குப் பை வைத்திருக்கிறான். யூனிவர்சிட்டியில் பழகிய பெண்ணையே கட்டப் போகிறான். பெண் வீட்டார் மாரிட்ஸ்பர்க்கில் பெரிய குடும்பம். வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் சொன்னால் போதாதா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? பழகிய பெண் என்கிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகிறவனை அவள் கவனிக்காமல் இருந்திருப்பாளா? தெரியாது என்றால் இன்றைக்கே அவன் சொல்லட்டும். நீங்கள் சொல்லக் கூடாது, அவன் வாயால் வர வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டால், அவள் அப்பா அம்மாவுக்கு எவ்வளவு சொல்வது என்பதை அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்வார்கள். சம்பந்திக்குக் குடலின் படம் வரைந்து காட்ட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறக்குமா என்பதுதானே? ஆண்களுக்கு இடுப்புக்குள் செய்யும் இந்த ஆபரேஷனில் நரம்பு பாதிக்க ஒரு சிறு வாய்ப்பு உண்டு. இருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும், மருந்தும் இருக்கிறது. பெண்களுக்குத்தான் சினைக்குழாயைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொண்டு கரு தங்குவது தாமதமாகலாம். குழந்தைக்கும் நோய் வருமா என்றால், கொலைடிஸ் இருக்கும் குடும்பத்தில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சிகள் முளைக்கும் பரம்பரை நோய்க்காகப் பை வைத்திருந்தால், அந்தக் கதை வேறு. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்த வீடுகளில் மறைப்பது பெரிய தவறு. பிள்ளைகளை வளரும் வயதிலேயே பரிசோதிக்க வேண்டும், அண்ணன் தம்பிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பை வைத்தபோது என் மாமியார் ஊரெல்லாம் “கர்ப்பப்பை ஆபரேஷன்” என்று சொல்லிவிட்டார். மானம் காப்பதாக நினைப்பு. அதற்குப் பிறகு பல வருடம், பார்க்கிற பெண்களெல்லாம் என்னிடம் கர்ப்பப்பைக்கு வைத்தியம் கேட்டார்கள்.

பெரியம்மா, வயதாக ஆகப் பை எப்படி இருக்கிறது? எனக்கு ஐம்பது ஆகப்போகிறது.
– ஒரு வாசகி, உம்ஸிண்டோ

பை நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பிடித்து நிற்கும் தசைதான் என்னோடு சேர்ந்து கிழடாகிறது. ராத்திரி சில சமயம் கசியும். ஒரு மெல்லிய பேடு வைத்துக்கொண்டு படுக்கிறேன், மெத்தை மேல் ரப்பர் ஷீட். இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். ஐம்பதிலேயே தொடங்கிவிடுங்கள்.

வருடம் ஒரு தடவை ரத்தத்தில் பி12, இரும்பு, வைட்டமின் டி பாருங்கள். பி12-ஐ உறிஞ்சும் சிறுகுடல் கடைசிப் பகுதியைத்தான் பையாக மடித்துவிட்டோம், அதனால் குறையலாம். எனக்குக் குறைந்து, இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். தையல் போட்ட இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பழைய மலக்குடல் தோல் மிச்சம் இருக்கும். அதில் புண் வரலாம், அபூர்வமாகப் புற்றுநோயும் வரலாம். நன்றாக இருக்கிறேன் என்று கேமரா பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும், ஜனவரியிலேயே கடிதம் வாங்கி வையுங்கள்.